நஷ்டத்தில் நிற்கும் கிரிப்டோ காயின்: வைத்திருப்பதா, விற்பதா, இன்னும் வாங்குவதா?

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை காலை. திருப்பூரில் இருக்கும் என் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தான். அவன் வாங்கிய கிரிப்டோ காயின்கள், மூன்று வரி, மூன்றும் சிவப்பு, அதாவது நஷ்டம். கீழே ஒரே கேள்வி: "அண்ணா, வித்துடவா, வச்சிருக்கவா?"

என் கண் தேடியது நான்காவது வரியை. முந்தைய வாரம் காட்டியபோது 10 மடங்கு லிவரேஜில் (கைப்பணத்தைப் போல் பத்து மடங்கு தொகைக்கு) ஒரு சொலானா காயின் ஃபியூச்சர்ஸ் இருந்தது, அதாவது காயினை வாங்காமல் அதன் விலை மீது போடும் ஒப்பந்தம். இப்போது காணோம். சீனப் பொருள்களுக்கு 100% கூடுதல் வரி என்று டிரம்ப் அறிவித்ததும் சந்தை சரிந்தது. நமக்கு அது விடியற்காலை மூன்று மணி வாக்கு. 24 மணி நேரத்தில் 1,900 கோடி டாலருக்கும் மேலான பொசிஷன்கள் (திறந்திருந்த ஒப்பந்தங்கள்) லிக்விடேட் ஆகின, அதாவது போட்ட பணத்தை நஷ்டம் தின்றதும் காயின் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சே அவற்றை மூடிவிட்டது. இவன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ஒரு வரியைப் பற்றி அவன் முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

மிச்சம் இருந்தவை: 1,20,000 டாலர் அருகில் வாங்கிய பிட்காயின். கல்லூரிக் காலத்தில், 2021இல் வாங்கி முக்கால்வாசி கரைந்துபோன கார்டானோ. அப்புறம் ஒரு மீம்காயின், இணையக் கேலியில் பிறந்த ரகம். அதன் பெயர் இங்கே வேண்டாம். மூன்றும் சிவப்புதான், ஆனால் மூன்றுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால், அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, கையில் இருப்பது ஸ்பாட்டா, ஃபியூச்சர்ஸா? ஸ்பாட்டில் காயின் உங்களுடையது. விலை பாதியானாலும் எண்ணிக்கை குறையாது, காத்திருக்கலாம். ஃபியூச்சர்ஸில் காத்திருக்க உங்களுக்கு அனுமதி இருப்பது மார்ஜின், அதாவது ஈடாகக் கட்டிய பணம், தாங்கும் வரைதான்.

இரண்டாவது, எதற்காக வாங்கினீர்கள், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா? "ஏறும்னு சொன்னாங்க" என்பது காரணம் இல்லை.

மூன்றாவது, இந்தப் பணம் எப்போது வேண்டும்? அடுத்த ஜூனில் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம் இதில் கிடந்தால் மற்ற எந்த அளவுகோலும் தேவையில்லை.

நான்காவது, இந்தக் காயின் இதற்கு முன் பெரிய சரிவைச் சந்தித்துப் பழைய உச்சத்தைத் தாண்டியிருக்கிறதா? கிரிப்டோ என்று பொதுவாகச் சொல்லி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஐந்தாவது, வருமான வரி. இதைப் பற்றித்தான் நம் ஊரில் யாரும் சரியாகப் பேசுவதில்லை.

பங்குச் சந்தைப் பாடம் ஒன்று உண்டு: "வாங்கிய விலையை மறந்துவிடு. இன்று கையில் பணம் இருந்தால் இதை வாங்குவாயா? வாங்க மாட்டாய் என்றால் விற்றுவிடு." நல்ல பாடம். சந்தைக்கு நீங்கள் வாங்கிய விலை தெரியாது, தெரிந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் வருமான வரித்துறைக்குத் தெரியும். இந்தியாவில் வரி கட்டுகிற ஒருவர் அந்த விலையை முழுக்க மறக்க முடியாது.

2022 பட்ஜெட்டில் வந்த விதி இது. கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, மேலே 4% செஸ், ஆக 31.2%. நஷ்டம் வந்தால் அதை எதிலும் கழிக்க முடியாது. சம்பளத்தில் கழிக்க முடியாது, பங்கு லாபத்தில் கழிக்க முடியாது, இன்னொரு காயினில் வந்த லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. அடுத்த வருடத்துக்கும் எடுத்துச் செல்ல முடியாது. போதாததற்கு, விற்கும்போது மொத்த விற்பனைத் தொகையில் 1% டிடிஎஸ், முன்கூட்டியே பிடிக்கும் வரி. நஷ்டத்தில் விற்றாலும் பிடிப்பார்கள். இந்த 1% வருமான வரிக் கணக்கு (ஐடிஆர்) போடும்போது கணக்கில் வந்துவிடும், அதுவரை முடங்கும், அவ்வளவுதான்.

அமெரிக்க யூடியூபர்கள் டிசம்பர் வந்தால் "நஷ்டக் காயினை விற்று வரியைக் குறை, உடனே திரும்ப வாங்கிக்கொள்" என்பார்கள். அங்கே நஷ்டத்தை மற்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம், மிஞ்சியதில் வருடத்துக்கு 3,000 டாலர் வரை சம்பள வருமானத்திலும் கழிக்கலாம். அவர்களுக்கு அது சரி. நாம் அதையே செய்தால் என்ன ஆகும் என்பதைக் கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே பொருந்தும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | எங்கே ஆகாது |
|---|---|---|---|
| அப்படியே வைத்திருப்பது | ஸ்பாட், சரிவிலிருந்து எழுந்த வரலாறு உள்ள காயின், தேவைப்படாத பணம் | வருடங்கள். எக்ஸ்சேஞ்ச் முடங்கும் அபாயம் | லிவரேஜ், மீம்காயின் |
| மொத்தமாக விற்பது | வாங்கிய காரணம் செத்துவிட்டது, பணம் வேறு இடத்தில் தேவை | கழிக்க முடியாத நஷ்டம். திரும்ப நுழைந்தால் புது விலையிலிருந்து வரி | பயத்தில் விற்று அடுத்த வாரமே வாங்குபவர் |
| பாதியை விற்பது | அளவு அதிகமாகி தூக்கம் கெடுகிறவர் | முடிவைத் தள்ளிப்போடுவது | சின்னத் தொகை |
| இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்வது | முன்பே எழுதி வைத்த திட்டம் இருந்தால் | ஒரே காயினில் குவியும் பணம் | கடன் பணம், காரணம் தெரியாத சரிவு |

## அப்படியே வைத்திருப்பது

வைத்திருப்பவர்கள் பக்கம் நிற்கும் பெரிய சாட்சி பிட்காயின். 2017 டிசம்பரில் 20,000 டாலரை ஒட்டிப் போய், ஒரு வருடத்தில் 3,200க்கு வந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 டிசம்பர் ஆனது. அடுத்தது 2021 நவம்பரில் 69,000. ஒரு வருடம் கழித்து, எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது 16,000க்கும் கீழே. 69,000ஐ மறுபடி பார்த்தது 2024 மார்ச்சில். உச்சத்தில் வாங்கி மாட்டியவர்கூட அசலைப் பார்த்தார், ஆனால் முதல் தடவை மூன்று வருடம், அடுத்த தடவை இரண்டேகால் வருடத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் மட்டும்.

இந்தக் கதையை மற்ற காயின்களுக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் பலருக்குக் கை கடித்திருக்கிறது. கார்டானோ 2021 செப்டம்பரில் 3 டாலரைத் தாண்டியது. 2024 டிசம்பரில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைக் கடந்து ஊரே கொண்டாடியபோது கார்டானோ தொட்டது ஒன்றேகால் டாலர் சொச்சம். 2018இல் 20 டாலருக்கு மேல் போன ஈஓஎஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்தவற்றை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், எழாதவற்றின் பெயர்கூட மறந்துவிடுகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், எலான் மஸ்க் அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் தோன்றப்போகிறார் என்று ஒரே ஆரவாரம். நானும் டோஜ்காயின் 48 ரூபாய்க்கு 500 வாங்கினேன், 24,000 ரூபாய். நிகழ்ச்சி நடந்த இரவே இறங்க ஆரம்பித்தது. அடுத்த வருடம் அது நாலு, ஐந்து ரூபாயில் நின்றது. "அசலுக்கு வந்தா வித்துடுவேன்" என்று உட்கார்ந்திருந்தேன். 2024 டிசம்பரில் நாற்பது ரூபாயை ஒட்டி வந்துவிட்டது! கையில் 20,000. விற்கவில்லை. இன்னும் எட்டு ரூபாய்தானே, மூன்றரை வருடம் காத்தவன் மூன்று வாரம் காக்க மாட்டேனா? அடுத்த ஏப்ரலில் பதிமூன்று, பதினான்கு ரூபாய். நான் காத்திருந்தது டோஜ்காயினுக்காக இல்லை, 48 என்ற எண்ணுக்காக. அந்த எண் உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் முக்கியமில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல். லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்று, நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழுவதை 1985இலேயே ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து பெயர் வைத்தார்கள். 1998இல் டெரன்ஸ் ஓடியன் 10,000 பங்குக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். மக்கள் விற்ற லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த வருடம் நன்றாக ஏறியிருந்தன.

வைத்திருப்பதில் இன்னொரு செலவு, காயின் எங்கே கிடக்கிறது என்பது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்ச் ஹேக் ஆகி சுமார் 23 கோடி டாலர் போனது. அதில் காயின் வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் விற்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் இருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. வருடக்கணக்கில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் சொந்த வாலட்டுக்கு (சாவி உங்களிடமே இருக்கும் இடம்) மாற்றுவதையும் சேர்த்து யோசியுங்கள். அதைத் திறக்கும் சொற்களான சீட் ஃபிரேசைத் தாளில் எழுதி பீரோவில் பூட்டத் தெரிந்தால் போதும். அதை போனில் போட்டோ எடுத்து வைக்காதீர்கள்.

## மொத்தமாக விற்றுவிடுவது

நன்மை எளிது: மிஞ்சிய பணம் கைக்கு வரும், மனசு அதிலிருந்து விடுபடும். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். டெவலப்பர்கள் போய்விட்டார்கள், எக்ஸ்சேஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து நீக்குகின்றன, வாங்க ஆளில்லை என்றால், 80% நஷ்டமும் 100% நஷ்டமும் ஒன்றில்லை. கடைசி இருபதைக் காப்பாற்றுங்கள்.

ஆனால் விற்று என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும்.

ஒரு லட்சம் போட்டீர்கள், இப்போது 60,000 என்று வைத்துக்கொள்வோம்.

விற்று அதே காயினைத் திரும்ப வாங்கினால்: 60,000க்கு விற்று 60,000க்கே வாங்குகிறீர்கள். காயின் பழையபடி ஒரு லட்சத்துக்கு ஏறுகிறது. உங்களைப் பொறுத்தவரை லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் அப்போது விற்றால் வரிக் கணக்கில் 40,000 லாபம். கட்ட வேண்டியது 12,480 ரூபாய். முதலில் வந்த 40,000 நஷ்டம் காற்றோடு போய்விட்டது. விற்காமலே இருந்தவருக்கு வரி பூஜ்யம்.

விற்று வேறு காயினுக்கு மாறினால்: பழைய காயின் அசலுக்கு வர 67% ஏறினால் போதும், வரி இல்லை. புதுக் காயினில் வரி போகக் கையில் ஒரு லட்சம் நிற்க வேண்டுமானால் 60,000 சுமார் 1,18,140 ஆக வேண்டும், அதாவது 97% ஏற வேண்டும். "இது படுத்திருக்கு, அதுல போட்டா சீக்கிரம் எடுத்துடலாம்" என்பவர்கள் இந்த முப்பது சதவீத இடைவெளியைப் பார்ப்பதே இல்லை. ரூபாயாக மாற்றாமல், டாலர் மதிப்பில் நிற்கும் காயினான யுஎஸ்டிடிக்கு (USDT) மாற்றினாலும் அது விற்பனைதான், தப்பிக்க வழியில்லை.

விற்று கிரிப்டோவை விட்டே வெளியேறினால்: இந்தத் தண்டனை கிடையாது. பங்குக்கோ டெபாசிட்டுக்கோ போனால் அங்கே உள்ள வரிதான். அதேசமயம் 7% டெபாசிட்டில் 60,000 ஒரு லட்சமாக ஏழரை வருடம் ஆகும், அதுவும் வட்டிக்கான வரியைக் கழிக்காமல். அசலை மீட்பது என்ற நினைப்போடு டெபாசிட்டுக்குப் போகாதீர்கள். பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் போங்கள்.

ஆகவே என் கணிப்பு இதுதான். விற்றால் திரும்பிப் பார்க்காமல் விற்க வேண்டும். விற்பதும் வாங்குவதுமாக இருந்தால் நம் வரி முறையில் முதலுக்கே மோசம். ஒரு ஆறுதல்: நஷ்டத்தால் வரிச் சலுகை எதுவும் இல்லை என்பதால் "மார்ச் 31க்குள் விற்றாக வேண்டும்" என்ற அவசரமும் இல்லை.

## பாதியை விற்பது

கேட்க நியாயமாக இருக்கும். ஏறினால் பாதி இருக்கிறது, இறங்கினால் பாதி தப்பித்தது. தொகை பெரியதாக இருந்து, ராத்திரி மூன்று தடவை போனை எடுத்துப் பார்க்கிறவருக்கு இது நல்ல மருந்து. மனசு அமைதியான பிறகு மீதிப் பாதியைப் பற்றித் தெளிவாக யோசிக்க முடியும். பதினைந்தாயிரம் ரூபாய் விஷயத்தில் பாதி விற்பது வேலைக்காகாது. முடிவெடுக்கப் பயந்து எடுக்கும் முடிவு அது.

## இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்வது

100 ரூபாயில் 1,000 காயின் வாங்கினீர்கள். 60க்கு வந்ததும் இன்னொரு 1,000. சராசரி 80 ஆகிறது. 67% ஏற வேண்டியது 33% ஏறினால் போதும் என்றாகிறது, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் விலை 30க்குப் போனால்? வாங்காமல் இருந்திருந்தால் நஷ்டம் 70,000; வாங்கியதால் ஒரு லட்சம்.

2022 மே மாதம் டெர்ரா என்ற திட்டத்தின் லூனா காயினில் இதைத்தான் பலர் செய்தார்கள். மாதத் தொடக்கத்தில் 80 டாலருக்கு மேல் இருந்தது. 30க்கு வந்தபோது "பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது" என்று வாங்கினார்கள், ஒரு டாலருக்கு வந்தபோது "இனி எங்கே இறங்கப் போகிறது" என்று வாங்கினார்கள். ஒரு சென்ட்டுக்கும் கீழே இறங்கியது, எல்லாம் ஒரே வாரத்தில். அதே திட்டத்தின் யுஎஸ்டி (UST) என்ற ஸ்டேபிள்காயினை ஒரு டாலரில் நிறுத்துவதற்காக லூனாவை அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். சில நாளில் காயின் எண்ணிக்கை 6.5 லட்சம் கோடியானது. வாங்கியவர்கள் குழம்பை வாங்கவில்லை, அதில் ஊற்றிய தண்ணீரை வாங்கினார்கள்.

எனவே ஆவரேஜ் செய்யும் முன் ஒரு கேள்வி: விலை ஏன் இறங்கியது? மொத்தச் சந்தையோடு சேர்ந்து இறங்கியதா, இந்தக் காயினுக்கு மட்டும் ஏதோ நடந்ததா? இரண்டாவது என்றால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். முதலாவது என்றால், சிவப்பைப் பார்த்த பதற்றத்தில் இல்லாமல், மாதம் இவ்வளவு என்று முன்பே முடிவு செய்த தொகையை மட்டும்.

## ஃபியூச்சர்ஸுக்குத் தனிக் கணக்கு

10 மடங்கு லிவரேஜில் லாங் எடுத்தால், அதாவது ஏறும் என்று போட்டால், விலை 10% இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பே லிக்விடேட் ஆகிவிடும். கிரிப்டோவில் 10% என்பது ஒரு சாதாரண வாரம். ஸ்பாட்டில் "அப்புறம் ஏறிடுச்சு பாருங்க" என்று சொல்லலாம். ஃபியூச்சர்ஸில் அப்புறம் ஏறும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அதற்கு மேல் ஃபண்டிங், ஒப்பந்தத்தைத் திறந்து வைத்திருப்பதற்குக் கட்டும் தொகை. பெரும்பாலான பெர்பெச்சுவல் (முடிவுத் தேதி இல்லாத) ஒப்பந்தங்களில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 0.01% என்றால் ஒன்றுமில்லாதது போல் தெரியும். நாளைக்கு 0.03%, அதுவும் முழுப் பொசிஷன் மீது. 10 மடங்கில் உங்கள் மார்ஜினுக்கு அது நாளைக்கு 0.3%, மாதத்துக்கு 9%. கந்துவட்டிக்கு வாங்கிக் காத்திருப்பது மாதிரி.

இங்கே எனக்கு இரண்டு பக்கமும் பேச ஒன்றும் இல்லை. ஸ்டாப் லாஸை (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் கட்டளை) முதலிலேயே போட்டிருக்க வேண்டும், போடாவிட்டால் இப்போது மூட வேண்டும். ஸ்டாப் லாஸும் அந்த அக்டோபர் இரவு போன்ற சரிவில் நீங்கள் குறித்த விலைக்கே விற்கும் என்று உறுதி இல்லை. மார்ஜின் சேர்த்துக் காப்பாற்றப் பார்ப்பதுதான் மிக மோசமான வழி. பத்தாயிரத்தில் முடிய வேண்டிய நஷ்டம் நாற்பதாயிரத்தில் முடியும்.

## தம்பிக்குச் சொன்னது

ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு காயினுக்கும் எதற்கு வாங்கினாய், எது நடந்தால் வெளியேறுவாய் என்று ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னேன். மத்தியானம் போட்டோ வந்தது.

பிட்காயினுக்கு "2028 வரை தொட மாட்டேன், வீட்டுக் கடன் தவணைக்குப் பணம் இல்லாமல் போனால் மட்டும்" என்று எழுதியிருந்தான். வைத்திரு என்றேன். அடுத்த மாதமே அது 85,000 டாலருக்கும் கீழே போனது. அவன் எழுதிய காரணம் அப்போதும் மாறவில்லை, அதனால் நானும் மாற்றிச் சொல்லவில்லை.

கார்டானோவுக்கு "காலேஜ்ல எல்லாரும் வாங்கினாங்க" என்று இருந்தது. 40,000 போட்டது பத்தாயிரமாகி நின்றது. இன்று புதிதாக வாங்குவாயா என்றேன், மாட்டேன் என்றான். விற்று வேறு காயினுக்குப் போகப் போகிறாயா என்றேன், அங்கேதான் தயங்கினான். மேலே போட்ட கணக்கை அவனுக்கும் போட்டுக் காட்டியதும், விற்றால் அந்தப் பணம் கிரிப்டோவுக்குத் திரும்பாது என்று ஒப்புக்கொண்டான். விற்றான், போன வருடம் வாங்கிய பைக்கின் கடனில் கட்டினான்.

மீம்காயின் வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான். அதை விற்றதில் 3,100 ரூபாய் வந்தது, டிடிஎஸ் 31 ரூபாய்.